கவிழ்ந்த படகுக்குள் இருந்த காற்று

கிரேக்கத் தீவு ஒன்றில் மெலாந்தோஸ் என்றொரு கண்டுபிடிப்பாளர் இருந்தார். வெண்கலக் கொப்பரையைத் தலைகீழாகக் கடலில் அமிழ்த்தினால், உள்ளிருக்கும் காற்று தண்ணீரை ஏறவிடாது என்று கண்டறிந்தவர். அதற்குள் தலையை வைத்தபடி பலமுறை கடலடிக்குப் போய்த் திரும்பினார். ஊர் மெச்சவில்லை, பயந்தது. "செத்தவர்களோடு பேசிவிட்டு வருகிறான்" என்றது. எட்டு ஆண்டுகளாக அவர் வாசலை யாரும் மிதிக்கவில்லை. சந்தையில் மீன்காரிகூட மீனைக் கல்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பாள். வாய் திறக்காமலே பல நாட்கள் கழியும்.

ஒரு காலை, துறைமுகத்துக்கு வெளியே சரக்குப் படகொன்று கவிழ்ந்தது. நீருக்கு மேல் தெரிந்த அடிப்பலகையை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். ஃபிலின்னா என்ற பெண். அவளுடைய அண்ணன் திராக்கோன் கோடரியோடு படகின்மேல் ஏறினான்.

மெலாந்தோஸ் தம் ஓடத்தில் விரைந்து வந்தார். "வெட்டாதே! உள்ளே இருக்கும் காற்றுதான் படகைத் தாங்குகிறது. துளை விழுந்தால் காற்று போய்விடும், படகு முழுகிவிடும்."

"என் தங்கை மூச்சுத் திணறிச் சாகட்டும் என்கிறீரா?"

"படகோட்டிகள் படகைக் கரைக்கு இழுக்கட்டும். அதுவரை நான் அவளுக்குக் காற்றுக் கொண்டுபோகிறேன்."

தட்டும் ஓசை தளர்ந்துகொண்டே வந்தது. திராக்கோன் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு கோடரியைக் கடலில் எறிந்தான்.

பன்னிரண்டு படகோட்டிகள் கை தோலுரிய இழுத்தார்கள். மெலாந்தோஸ் கொப்பரையில் காற்றை அடைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் படகுக்கு அடியில் போய் உள்ளே விட்டார். இருட்டில் ஃபிலின்னா அவர் கையைப் பற்றிக்கொண்டு, "யார் நீங்கள்?" என்றாள். பெயரைச் சொன்னால் கையை விட்டுவிடுவாளோ என்று அவர் பேசாமலிருந்தார்.

நண்பகலில் படகு மணலில் தட்டியது. பலகையைப் பிளந்து அவளை உயிரோடு எடுத்தார்கள்.

ஊரார் ஆலிவ் இலைக் கிரீடம் ஒன்று கட்டினார்கள். கேட்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: மெலாந்தோஸ், படகோட்டிகள், திராக்கோன், இவர்களில் அது யாருக்கு உரியது?

விடை: திராக்கோனுக்கு. படகோட்டிகள் தங்களுக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார்கள். மெலாந்தோஸ் பலமுறை சோதித்து அறிந்ததைச் செய்தார். திராக்கோனுக்கோ எந்த உறுதியும் இல்லை. தான் அஞ்சிய மனிதரின் ஒரு சொல்லை நம்பித் தங்கையின் உயிரை ஒப்படைத்தான். இந்த விடையைச் சொன்னவர் மெலாந்தோஸ்தான். எட்டு ஆண்டுகளில் அவர் சொன்னதை ஒருவர் நம்பியது அன்றுதான்.