கன்னத்துல லட்டு

ஒரு காட்டுல, மலை ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறுற இடத்துல, ஒரு குரங்கு இருந்துச்சு. பேரு மொந்தன். இருந்துச்சுன்னா சும்மா இல்ல கண்ணுங்களா, உக்காந்தே இருந்துச்சு.

வண்டியில போறவங்க முறுக்கு போடுவாங்க, வாழைப்பழம் போடுவாங்க. மொந்தன் ரோட்டோரக் கட்டைச் சுவரை விட்டு எழுந்திருக்காது. கையை மட்டும் நீட்டும். வாங்குனதுல பாதி வயித்துக்கு, மீதி கன்னத்துக்கு. குரங்குக்குக் கன்னத்துக்குள்ள ஒரு பை இருக்குமே, தெரியும்ல? மொந்தனுக்கு இருந்தது பை இல்ல, மூட்டை.

ஒரு நாள் காலையில, "மடார்!"

அப்புறம் ஒரு சின்ன அமைதி.

அப்புறம், "தொப்!"

மான் மேயுறதை விட்டுடுச்சு. மயில் அகவுறதுக்கு வாயைத் திறந்துச்சு, சத்தம் வரல, மூடவும் மறந்துடுச்சு.

"என்னது விழுந்துச்சு? பலாப்பழமா?"

"பலாப்பழம் இல்ல. குரங்கு!"

"குரங்கா? மரத்துல இருந்தா?"

மீன் தண்ணியில மூழ்கிடுச்சுன்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அன்னைக்குக் காடே அப்படித்தான் திகைச்சு நின்னுச்சு. ராத்திரி தூங்க ஏறுன கிளை ஒடிஞ்சு, மொந்தன் மல்லாந்து கிடந்துச்சு. கையில இருந்த முறுக்கு மட்டும் ஒடியல.

குரங்குக் கூட்டத்துக்குத் தலைவர் தாட்டான். கறார்னா அப்படி ஒரு கறார். இறங்கி வந்து மொந்தனைச் சுத்தி ஒரு நடை நடந்துச்சு.

"மழைக்காலம் வருது. ரோட்டை அடைச்சிருவாங்க. வண்டியும் வராது, உன் முறுக்கும் வராது. முதல் மழை விழுந்த மறுநாள் நம்ம கூட்டம் பள்ளத்தைத் தாண்டி அக்கரை அத்தி மரத்துக்குப் போகுது. தாவ முடிஞ்சவன் வரலாம்."

"முடியாதவன், தலைவரே?"

தாட்டான் புதர்ப் பக்கமா ஒரு பார்வை பார்த்துச்சு, அவ்வளவுதான்.

புதருக்குள்ள சிறுத்தை உக்காந்திருந்துச்சு. ரொம்ப மரியாதையான சிறுத்தை.

"அவசரமே இல்ல தம்பி. நான் எங்க போகப் போறேன்? இங்கதான் இருப்பேன்."

மொந்தன் அவசரமா எழுந்து உக்காந்துச்சு. நாளையில இருந்து தாவிப் பழகணும்னு முடிவு பண்ணுச்சு. மறுநாள் கால் வலி. அதுக்கு மறுநாள் ஒரே பனி. அடுத்த நாள் லீவு நாள், வண்டி நிறைய வருமே! எப்படிப் போறது?

சிறுத்தை மட்டும் தினமும் வந்து விசாரிச்சுட்டுப் போச்சு.

"நல்லாத் தூங்குனியா தம்பி? நேரத்துக்குச் சாப்புடு. இளைச்சுக் கிளைச்சுப் போயிடாத."

அந்தக் கட்டைச் சுவருக்கு மேலே, ஒரு கிளையில செம்பி இருந்துச்சு. செம்பி ஒரு மலையணில். பொல்லாத வாய். மொந்தன் சிந்துனதையெல்லாம் பொறுக்கித் தின்னு, அதுக்கும் தொப்பை போட்டிருச்சு. அதுக்கும் அக்கரைக்குப் போகணும். அதுக்கும் பயம்.

"டேய் மொந்தா! நாளைக்கு விடிஞ்சதும் புங்க மரத்துக்கு வா. சேர்ந்து தாவிப் பழகலாம்."

"நான்தான் தனியாப் பழகிட்டு இருக்கேனே."

"எங்க?"

"மனசுக்குள்ள."

"அப்ப அக்கரைக்கும் மனசுக்குள்ளேயே போயிடு. இங்க பாரு, நாளைக்கு மட்டும் நீ வரல, உச்சிக் கிளையில ஏறி நின்னு 'மொந்தன் பயந்தாங்கொள்ளி'ன்னு கத்துவேன். என் குரல் தெரியும்ல?"

தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் தெரியும்.

விடிஞ்சதும் மொந்தன் போய் நின்னுச்சு. ஆசையில இல்ல, மானத்துக்குப் பயந்து. ஒரு ரகசியம் சொல்லட்டா? செம்பியும் அன்னைக்குப் புரண்டு படுக்கத்தான் பார்த்துச்சு. 'அந்தக் குண்டன் வந்து நின்னுட்டான்னா அசிங்கமாப் போயிடுமே'ன்னுதான் எழுந்து ஓடி வந்துச்சு.

முதல்ல செம்பி தாவுச்சு. கிளையைத் தாண்டிப் போய் முட்செடியில சொருகிக்கிச்சு.

"கிளை நகர்ந்துடுச்சுடா!"

"கிளை அங்கேயேதான் இருக்கு. நீதான் கண்ணை மூடிக்கிட்டுத் தாவுற."

"யாரு? நானா?"

"பின்ன, நானா? கண்ணைத் திறடி மண்டு!"

செம்பி கண்ணை மூடிப் பார்த்துச்சு, திறந்து பார்த்துச்சு. நிஜம்தான். பிறந்ததுல இருந்து கண்ணை மூடிக்கிட்டே தாவியிருக்கு. இத்தனை நாள் உயிரோட இருக்கோமேன்னு அதுக்கே ஆச்சரியமாப் போச்சு.

அடுத்து மொந்தன். கிளையில இங்கேயும் அங்கேயும் ஓடுச்சு. மூச்சு வாங்குது, ஆனா வாயைத் திறக்க மாட்டேங்குது.

"வாயில என்னடா?"

"ம்ங்... ஒங்குமில்ல."

"என்னன்னு கேக்குறேன்."

"ஒங்குமே இங்ங!"

"துப்புடா!"

மொந்தன் துப்புச்சு. அரை முறுக்கு வந்துச்சு. வேர்க்கடலை வந்துச்சு. தோலோட வாழைப்பழம் வந்துச்சு. கடைசியா கருப்பா, உருண்டையா ஒண்ணு வந்து விழுந்து உருண்டுச்சு.

"ஐயய்யோ! இது என்னடா?"

"அது... போன வாரத்து போண்டா."

செம்பி தலையில அடிச்சுக்கிச்சு. "அடேய், நீ பயிற்சி பண்றியா, இல்ல பலகாரத்தை ஊர்வலம் கூட்டிட்டுப் போறியா?"

அதுல இருந்து தினமும் காலையில காட்டுல ரெண்டே சத்தம். "கண்ணைத் திறடி!" "துப்புடா!" தூக்கம் கெடுதுன்னு மயிலே வந்து சண்டை போட்டுச்சு. மயிலு! அதோட குரலுக்கு அது பேசுற பேச்சா?

ஒருத்தர் சுணங்குனா இன்னொருத்தர் விடல. தொப்பை கரைஞ்சுச்சு. தாவுற தூரம் கூடிக்கிட்டே போச்சு.

சிறுத்தைக்குத்தான் நெஞ்சே உடைஞ்சு போச்சு. "என்ன தம்பி, பாதியாயிட்டியே! உன்னை இப்படிப் பார்க்கவா நான் இத்தனை நாள் காத்திருந்தேன்?"

முதல் மழை கொட்டுச்சு. மறுநாள் காலையில கூட்டம் பள்ளத்தோட விளிம்புல இருக்கிற பெரிய மரத்துக்கு வந்து சேர்ந்துச்சு. கீழே பார்த்தா தலை சுத்தும். அவ்வளவு ஆழம். ஓடை சுழிச்சுக்கிட்டு ஓடுது. தாட்டான் தாவுச்சு. ஒவ்வொரு குரங்கா தாவுச்சு. செம்பி கண்ணை இவ்ளோ பெருசாத் திறந்து வெச்சுக்கிட்டுத் தாவுச்சு. பிடிச்சுடுச்சு!

"மொந்தன் எங்கடா?"

மொந்தன் எங்கன்னு நான் சொன்னா உங்களுக்கே கோவம் வரும். கட்டைச் சுவருல! ரோட்டை அடைக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வண்டி வந்துச்சு. அதுல இருந்த குழந்தை ரெண்டு லட்டு குடுத்துச்சு. 'வழிக்கு ஆகுமே'ன்னு இந்தக் கன்னத்துல ஒண்ணு, அந்தக் கன்னத்துல ஒண்ணு வெச்சுக்கிட்டு வருது.

அடப்பாவி!

கிளை நுனிக்கு வந்துச்சு. பின்னால ஏதோ கரகரன்னு சத்தம். மெதுவாத் திரும்பிப் பார்த்துச்சு.

அதே கிளையில, சிறுத்தை.

"வழியனுப்பலாம்னு வந்தேன் தம்பி."

மொந்தன் கிளையைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிச்சு. முன்னால பள்ளம், பின்னால பல்லு, வாயில லட்டு.

அக்கரையில செம்பி பார்த்துச்சு. உப்பிப் போன கன்னத்தைப் பார்த்துச்சு, மூடுன கண்ணைப் பார்த்துச்சு. மலையே அதிர்ற மாதிரி கத்துச்சு பாருங்க:

"துப்புடா! கண்ணைத் திறடா மண்டு!"

கண்ணைத் திறன்னு தினமும் கத்துனது மொந்தன். அது தனக்கும் ஒரு நாள் தேவைப்படும்னு கனவுலகூட நினைக்கல. திறந்துச்சு. திரும்புச்சு. துப்புச்சு.

பொத்! பொத்!

ரெண்டு லட்டும் சிறுத்தை மூக்கு மேல. முட்டுற பன்றியைப் பார்த்திருக்கு, உதைக்கிற மானைப் பார்த்திருக்கு. லட்டால அதை யாருமே அடிச்சதில்ல. அப்படியே சிலை மாதிரி நின்னுடுச்சு.

மொந்தன் தாவுச்சு.

ஒரு கை கிளையைத் தொட்டுச்சு. நழுவிடுச்சு. அக்கரையே "ஐயோ!"ன்னுச்சு. இன்னொரு கை...

பிடிச்சுடுச்சு!

தொங்கிக்கிட்டே மூச்சு வாங்குச்சு மொந்தன். செம்பி பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

"நாளைக்கு விடிஞ்சதும் வந்துடு."

"இன்னும் எதுக்குடி? அதான் தாண்டியாச்சே!"

"வரலைன்னா கத்துவேன்."

சிறுத்தை என்னாச்சுன்னு கேக்குறீங்களா? ரொம்ப நேரம் அந்தக் கிளையிலேயே நின்னுச்சு. அப்புறம் நாக்கை நீட்டி மூக்கை ஒரு நக்கு நக்குச்சு.

"அட!"

மழைக்காலம் முடிஞ்சு ரோட்டைத் திறந்தாங்க. முதல் வண்டி வளைவுல வந்து நின்னுச்சு. கண்ணாடி இறங்குச்சு. குரங்குக்குக் குடுக்கலாம்னு லட்டோட ஒரு கை வெளியே வந்துச்சு. கட்டைச் சுவர் மேல, வாயைத் திறந்துக்கிட்டு, ரொம்ப மரியாதையா உக்காந்திருந்துச்சு சிறுத்தை.

"அம்மாஆஆ!"

லட்டு இந்தப் பக்கம் விழுந்துச்சு, வண்டி அந்தப் பக்கம் பறந்துச்சு. தினமும் இதே கதை. சிறுத்தைக்கு வயிறு தொங்கிப் போச்சு. மானைத் துரத்த முடியல. முயலைக்கூடத் துரத்த முடியல.

"தினமும் காலையில என்கூட ஓட யாராச்சும் வர்றீங்களா?"ன்னு மான்கிட்ட கேட்டுச்சு. முயல்கிட்ட கேட்டுச்சு.

கேட்டதுமே எல்லாரும் ஓடுனாங்க. கூட மட்டும் யாரும் ஓடல.

நீதி: உடம்பைப் பழக்கத் தனியாக் கிளம்பாதே, மூடுன கண்ணைத் திறன்னும், வாயில இருக்கிறதைத் துப்புன்னும் சொல்ல ஒரு சிநேகிதம் கூட இருக்கட்டும்.