முகப்பு விளக்கின் உட்புறம்

மூணுகரைப் பேரூராட்சியில் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி ஒன்று இருந்தது. கொசுக்களுக்கும் அதை நன்றாகத் தெரியும், பயம்தான் கிடையாது. ஓட்டுநர் தவசிமுத்து, புகை அடிக்கும் இருளாண்டி, எல்லாவற்றையும் எழுதி வைக்கும் எழுத்தர் குணபூஷணம் என்று மூன்று பேர் அந்த வண்டியை நம்பிப் பிழைத்தார்கள்.

தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் முகப்பு விளக்குகளைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளே புழுதி அப்பிக் கிடந்தது. ‘விளக்கின் உட்புறத்தைச் சுத்தம் செய்து பத்து நாளில் வரவும்’ என்று எழுதிக் கொடுத்தார். தவறினால் வண்டி காயலான் கடைக்கு, தவசிமுத்து சாக்கடை அள்ள.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து தவசிமுத்து கண்ணாடியைத் துடைத்தார். அழுக்கு அசையவில்லை.

“அண்ணே, நீங்க துடைக்கிறது வெளிப்புறம்” என்றார் இருளாண்டி.

“வெளியே நிக்கிற நமக்குத்தான் இது வெளிப்புறம். பல்பைக் கேட்டா என்ன சொல்லும்?”

குணபூஷணம் யோசித்தார். “பல்பைக் கேக்கணும்னா முதல்ல அதை எரிய விடணுமே.”

மதியம் வரை எரிய விட்டார்கள். பல்பு ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரிதான் செத்தது.

மெக்கானிக் பாக்கியராசு வந்து பேட்டரியை மாற்றிவிட்டு வழி சொன்னார். “பின்மூடியைக் கழட்டிச் சோப்புத் தண்ணி ஊத்தி நல்லாக் குலுக்குங்க. அப்புறம் மூடியைத் திறந்து காய விடுங்க.” குலுக்குவதற்கு முன் விளக்கை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்வார்கள்?

தண்ணீரை ஊற்றி, மூடியை மாட்டி, மூவரும் வண்டியைப் பிடித்துக் குலுக்கினார்கள். இருளாண்டிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“நல்லாக் குலுக்குற ரோடு எது சார்?” என்று கேட்டார் தவசிமுத்து.

குணபூஷணம் கோப்பைப் புரட்டினார். “ஏழாவது வார்டு. போன மாசம் நாம புதுசாப் போட்டது.”

“மூணாவது வார்டுல ரோடே இல்லையே, அங்க போனா?”

“ரோடு இல்லாத இடத்துல அவ்வளவு குலுங்காதுப்பா.”

ஏழாவது வார்டில் ஆறு தடவை போய் வந்ததும் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. தவசிமுத்துவுக்குக் கண் கலங்கியது. பிறகு மூடியைத் திறந்து காய விட்டார்கள். ஊற்றச் சொன்னவர் கொட்டச் சொல்லாததால் தண்ணீர் உள்ளேயே இருந்தது. எட்டு நாள் காய்ந்தது.

பத்தாம் நாள் ஆய்வாளர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். “உள்ளே என்னமோ நெளியுதே?”

“கொசுப்புழு சார்” என்றார் இருளாண்டி, தொழில் தெரிந்தவராக.

ஆய்வாளர் ஒரு தாள் எழுதி நீட்டினார்: ‘விளக்கினுள் உள்ள தண்ணீரை அகற்றி, நாளை வரவும்.’

அலுவலகத்தில் மூவரும் அதை மூன்று முறை படித்தார்கள்.

“தண்ணியைத்தான் அகற்றச் சொல்லியிருக்காரு. புழுவைப் பத்தி ஒரு எழுத்து இல்லை” என்றார் குணபூஷணம். “எழுதாததைச் செஞ்சிட்டு நாளைக்கு யார் பதில் சொல்றது?”

சாக்கடை மண்வெட்டி தவசிமுத்துவின் கண்முன் வந்து போனது. டீக்கடையில் வடிகட்டி வாங்கி வந்தார். தண்ணீரை வடித்து, புழுக்களைக் கரண்டியால் அள்ளி, பத்திரமாகத் திரும்ப உள்ளே விட்டார். குணபூஷணம் எடுத்தபோது ஒரு முறை, போட்டபோது ஒரு முறை எண்ணினார்.

“ஒண்ணு குறையுதே” என்றார்.

தவசிமுத்து பதறவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போனார். அங்கே வேண்டிய மட்டும் இருந்தது.