கஸ்பாரின் வெள்ளைத் துண்டு

தூத்துக்குடியில் நின்ற பாய்மரப் படகின் என்ஜினுக்குப் புது ஆல்டர்னேட்டர் மாட்டியும் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. மாட்டிய சென்னை என்ஜினியர் கோபிநாதன், படகு முதலாளியிடம் பழியைச் சமையற்காரன் கஸ்பார் தலையில் போட்டார்.

"இவன் ஃபேன் போட்டே சார்ஜைத் தீத்துடறான். வேலைய விட்டு அனுப்புங்க."

"கோளாறு என்ஜின்ல இருக்கு முதலாளி," என்றான் கஸ்பார்.

"என்ஜினைத் தொடாமலே காட்டு பார்ப்போம்," என்றார் கோபிநாதன்.

கஸ்பார் என்ஜின் அறையில் காயப்போட்டிருந்த தன் வெள்ளைத் துண்டை எடுத்துவந்து விரித்தான். முழுக்கக் கறுப்புத் தூள்.

"சார் மாட்டுன நாள்லருந்து இப்படித்தான். ஆல்டர்னேட்டரைச் சுத்துற பெல்ட் தொளதொளன்னு வழுக்கி, ரப்பர் தேஞ்சு கொட்டுது."

முதலாளியே பெல்ட்டை இறுக்கி என்ஜினை ஓட்டினார். சார்ஜ் மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் கோபிநாதன்.

கஸ்பார் துண்டை அவர் கையில் கொடுத்தான்.

"அப்ப இதைத் துவைச்சுக் குடுங்க சார்."