அமரர் ஊர்தியின் பின்கதவு

இருளப்பன் ஓட்டுவது அமரர் ஊர்தி. முந்தாநாள் சுடுகாட்டு வாசலில், கொட்டுகிற மழையில் அதன் பின்கதவு திறக்கவே இல்லை. பட்டனை எத்தனை தடவை அமுக்கியும் பலனில்லை. வாய்க்கரிசியைக் கையில் பொத்திக்கொண்டு, இறந்துபோன பெரியவரின் மகன் நனைந்தபடி நின்றான். கடைசியில் பெரியவரின் உடலை முன்சீட்டு வழியாக மூட்டை போல இழுத்துத்தான் இறக்கினார்கள்.

இன்று சர்வீஸ் சென்டரில் அதே கதவு சமர்த்தாகத் திறந்து மூடியது. மேனேஜர் பிரசன்னா லேப்டாப்பை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் காட்டல. நீதான் எதையோ தப்பா அமுக்கியிருக்க. இல்லேன்னா என் கண்ணு முன்னால கோளாறைக் காட்டு. காட்ட முடியலேன்னா, டிரைவரை மாத்துங்கன்னு உன் முதலாளிகிட்ட சொல்லிடுவேன்."

அழைத்த நேரத்துக்கு வருகிற கோளாறா அது? இருளப்பன் பின்கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"ஆள் உள்ள இருந்தப்பதான் சார் அது மக்கர் பண்ணுச்சு. ஒரு நிமிஷம் ஏறி உக்காருங்க. மூடித் திறந்து காட்டிடுறேன்."

உள்ளே தகரத் தரையில் வாடிய சம்பங்கிகள் ஒட்டிக் கிடந்தன. ஒரு காலை எடுத்து வைத்த மேனேஜர் அப்படியே நின்றார்.

"கதவு திறக்காமப் போச்சுன்னா?"

மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முன்சீட்டு வழியா இழுத்துக்கலாம் சார்," என்றான் இருளப்பன். "அந்தப் பெரியவரை அப்படித்தான் இழுத்தோம்."

மேனேஜர் காலை இறக்கினார். பூட்டை மாற்றச் சொன்ன குரல் அவருக்கே கேட்டிருக்காது.