தூரத்துத் தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பூங்காவுக்கு வந்தால் ஒரு விளையாட்டைப் பார்க்கலாம். கம்பத்தில் மாட்டிய இரும்புக் கூடை, அதற்கு மேலே வளையமாய்த் தொங்கும் சங்கிலிகள். எட்டத்தில் நின்று ஒரு பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். சங்கிலியில் பட்டால் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு கூடைக்குள் விழும். விழவில்லையா, தட்டு எங்கே கிடக்கிறதோ அங்கே நின்று மறுபடி வீச வேண்டும். வேப்பமரத்தடியில் ஒரு கூடை, ஊஞ்சல் பக்கம் ஒரு கூடை என்று பூங்காவையே சுற்றி வரலாம். புதுசாக வருகிறவர்களுக்கென்றே போட்டது, தூரமெல்லாம் கம்மிதான். இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு நானே ஆடுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லித் தருகிறவள் ஜெஸிந்தா. முப்பதுகூட ஆகவில்லை. மற்ற நாட்களில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள். எங்களில் பாதிப்பேர் அவள் அப்பா வயசுக்காரர்கள். ஆனாலும் 'வாத்தியாரம்மா' என்றுதான் கூப்பிடுவோம். கேலியாக ஆரம்பித்தது. கேலி போய்ப் பேர் மட்டும் நின்றுவிட்டது.

அவளிடம் ஆறுச்சாமி அண்ணன் சீடராக வந்து சேர்ந்தார். பம்ப்செட் பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். கூடவே சம்சாரம் வசந்தாமணி. அந்தக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டு, இப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"கல்யாண மண்டபத்துல மைக்கே வேண்டாமுங்க, இவ ஒருத்தி போதும்" என்று அண்ணன் பழைய கதை சொல்வார். சொல்லிவிட்டு அந்தக்கா முகத்தைப் பார்ப்பார். அந்தக்கா வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுசன் பொண்டாட்டியைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். செருப்பு மாட்டிவிடுவார். முந்தானையை இழுத்துச் செருகுவார். அந்தக்கா இடது கையால் வீசுகிற தட்டு பத்தடி போய்ப் புல்லில் தொப்பென்று விழும். அண்ணன் ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கூடைக்கு அடியில் வைத்துவிடுவார்.

"இங்கிருந்து போடு மணி. லேசு."

அந்தக்கா நடந்து போய்ப் போடுவார். சங்கிலி குலுங்கும். நாங்கள் கை தட்டுவோம். அந்த முகத்தில் ஒரு சிரிப்புகூட வராது.

"எப்படி இருக்குதுங்கக்கா?" என்று ஜெஸிந்தா கேட்டாள் ஒருநாள்.

அந்தக்கா வாயைத் திறந்தார்.

"நல்லா இருக்குதுன்னு சொல்றா, அம்மணி" என்றார் அண்ணன் ஜெஸிந்தாவிடம்.

அந்தக்கா வாயை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு கூடையை முடித்துவிட்டு நடுவில் இளைப்பாற உட்கார்ந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் பாப்பாத்தி என்று ஒருத்தி மக்காச்சோளம் சுட்டு விற்பாள். அந்தக்கா எழுந்து அவளிடம் போனார். பாப்பாத்தி கதிரைத் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள். பார்த்தால், அந்தக்கா பேசிக்கொண்டிருக்கிறார்! திக்கித் திக்கித்தான், ஆனாலும் பேச்சுதான். நடுவில் சிரிப்பு வேறு.

ஆறுச்சாமி அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜெஸிந்தாவிடம் திரும்பினார். குரல் உடைந்துவிட்டது.

"அம்மணி, உன்னைய ஒண்ணு கேக்கறேன். சோளக்காரிகிட்டப் பேசறா. வாட்ச்மேன்கிட்டப் பேசறா. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து இப்படித்தான். நான் அவளுக்கு என்ன குறை வெச்சேன்?"

"குறை ஒண்ணும் வெக்கலீங்கண்ணா."

"பின்னே ஏன்? நான் என்ன பண்ணோணும், சொல்லு. மலை ஏறச் சொன்னாலும் ஏறறேன்."

ஜெஸிந்தா தன் தட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மலையெல்லாம் வேண்டாம். அடுத்த கூடையை நீங்களும் அக்காவும் சேர்ந்து ஆடுங்க. ஆனா ஆட்டத்தை ஆட்டமா ஆடோணும். எனக்காக."

அடுத்த கூடை குளத்துப் பக்கம். அண்ணன் வீசினார். நல்ல வீச்சு, கூடைக்குக் கிட்டவே போய் விழுந்தது. அந்தக்கா வீசினார். வழக்கம்போலப் பத்தடி.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"எங்க போறீங்கண்ணா?"

"என் தட்டுகிட்ட."

"அக்கா தட்டு பின்னால கிடக்குது பாருங்க. கூடைக்கு ரொம்பத் தூரத்துல யார் இருக்காங்களோ, அவங்களுக்குத்தான் முதல் முறை. அவங்க வீசற வரைக்கும் யாரும் தாண்டிப் போகக் கூடாது."

"அட, இதென்ன புது சட்டம்?"

"பழைய சட்டந்தானுங்க. நீங்கதான் அக்கா தட்டைத் தூக்கி முன்னால வெச்சுட்டே இருந்தீங்க. அதனால இந்தச் சட்டம் தேவைப்படலை."

அண்ணன் முனகிக்கொண்டே திரும்பி வந்து அந்தக்காவுக்குப் பின்னால் நின்றார். அந்தக்கா வீசினார். கொஞ்சம் போய் விழுந்தது. இன்னும் அவர்தான் தூரம். மறுபடி நடந்தார், குனிந்தார், எடுத்தார், வீசினார். அப்போதும் அவர்தான் தூரம். குனிவதற்கே அந்தக்காவுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து போய்த் தட்டை எடுக்கக் குனிந்தார். அதற்குள் ஜெஸிந்தா குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"அது அக்கா தட்டுங்கண்ணா."

"ஒத்தாசைதானே அம்மணி பண்றேன்?"

"உங்க தட்டை யாராச்சும் தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வெச்சா?"

"கையை முறிச்சுப்போடுவேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பின்னால் வந்தார்.

பின்னால் நாங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். அண்ணன் எங்களைக் காட்டினார்.

"பாவம், இவங்கெல்லாம் காத்திட்டிருக்காங்க. முன்னால போகச் சொல்லிரலாம்."

"நாங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறோம்? நீங்க ஆடுங்கண்ணா" என்றேன் நான்.

அந்தக்கா தட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வீசவில்லை. மெதுவாகத் திரும்பி, தனக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்த புருசனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"ஆஸ்..."

அண்ணன் வாய் தானாகத் திறந்தது. ஜெஸிந்தாவை ஒரு பார்வை பார்த்தார். அவளும் எங்களைப் போலவே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் வாயை மூடி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆஸ்... பத்திரி."

ஒரு அணில் ஓடிப் போயிற்று. யாரோ தும்மினார்கள். அந்தக்கா அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. எனக்கே, ஐயோ, யாராவது எடுத்துக் கொடுங்களேன் என்று இருந்தது. அண்ணன் அசையவில்லை.

"நீங்க... அழு... தீங்க."

அண்ணன் முகம் மாறிவிட்டது. அழுதது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுசன்.

"பாத்தேன்... கட்டில்ல... இருந்து." மூச்சு வாங்கினார். "அழா... தீங்க. சொல்ல... வந்தேன்."

இடது கையிலிருந்த தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வாயத்... தொறந்தேன். நீங்க... தண்ணி... குடுத்தீங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி... தொறந்தேன். மறு... படி... தண்ணி" என்றார். சொல்லும்போதே அந்தக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

ஆறுச்சாமி அண்ணன் நின்ற இடத்திலேயே அழுதார். துண்டை எடுத்து மூடக்கூட இல்லை. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜெஸிந்தா பக்கம் திரும்பினார்.

"இப்ப நான் அவளுக்கு என்ன சொல்லோணும் அம்மணி? சொல்லு, என்ன சொல்லோணும்?"

ஜெஸிந்தா அந்தக்காவைப் பார்த்தாள். அந்த உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது, அடுத்த வார்த்தையைத் தேடி.

"அக்கா இன்னும் தூரத்துலதான் நிக்கறாங்க" என்றாள் ஜெஸிந்தா. "உங்க முறை இன்னும் வரலீங்கண்ணா."