மூடி எடுக்க ஓடியவள்

முன்னொரு காலத்தில் நொச்சி நாட்டைச் செம்பகராயன் என்றொரு அரசன் ஆண்டான். அவனுடைய மடைப்பள்ளியில் அதிரசம் சுடும் அஞ்சுகத்துக்கு ஓர் அநியாயம் நடந்தது. அடுப்படியைக் கொளுத்தியவர் வேறொருவர். ஊரைவிட்டுப் போகச் சொன்னது அவளை.

அரசன் பிறந்தநாளுக்கு அதிரசம் சுடும்போது எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்து தீப்பிடித்தது. அஞ்சுகம் விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு மூடி எடுக்க ஓடினாள். அந்த நேரம் பார்த்து ருசி பார்க்க நுழைந்தார் பிரதானி தாண்டவராயர். ஒரு குடம் தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தார். தீ கூரைக்குத் தாவியது. பாதி மடைப்பள்ளி போயிற்று.

அவரோ அரசனிடம், "இவள் பயந்து ஓடிவிட்டாள், பிரபு. தண்ணீர் ஊற்றி அணைத்தது நான்" என்றார். அரசன் யோசித்தானா? அதுதான் இல்லை. அவருக்குப் பட்டு, அவளுக்கு நாடு கடத்தல்.

மறுநாள் காலை அஞ்சுகம் மூட்டையோடு சபைக்கு வந்தாள்.

"போகிறேன், அரசே. ஆனால் பிரதானியின் வித்தையை ஊரே கற்றுக்கொள்ள வேண்டாமா? முற்றத்தில் ஒரு சின்னச் சட்டியில் எண்ணெயைப் பற்றவைக்கிறேன். நேற்றுபோலவே பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் காட்டட்டும்."

அரசனுக்கு வேடிக்கை என்றால் உயிர். "ஆகட்டும்" என்றான்.

எண்ணெய் பற்றியது. குடத்தை நீட்டினார்கள். தாண்டவராயர் நாலடி பின்னால் போனார்.

"என்ன ஓய், நேற்றைய வீரம் எங்கே?" என்றான் அரசன்.

"தோள் வலி, பிரபு."

"அப்படியானால் ஒரு குவளை போதும் ஐயா" என்றாள் அஞ்சுகம்.

"ஒரு சொட்டுக்கூட ஊற்ற மாட்டேன். தீ மூஞ்சிக்கே பாயும்."

"பாயும் என்று உமக்கு எப்படி ஓய் தெரியும்?" என்றான் அரசன்.

"நேற்று பாய்ந்ததே, பிரபு!" என்று வாய்தவறி உளறினார் தாண்டவராயர்.

அஞ்சுகம் விறகை இழுத்தாள். இரும்பு மூடியை ஓரத்திலிருந்து நகர்த்திச் சட்டியை மூடினாள். தீ அடங்கியது. ஆர்வத்தில் மூடியைத் தூக்கப்போன அரசனின் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆறட்டும். இப்போது திறந்தால் மறுபடி பிடிக்கும்."

அரசன் சமர்த்தாகக் கையை எடுத்துக்கொண்டான்.

நாட்டின் அடுப்படிகளுக்கெல்லாம் அன்றே அவளை அதிகாரியாக்கினான். வீடுவீடாகப் போய் அடுப்பருகே கைக்கு எட்டும்படி மூடி மாட்டிவைக்கும் வேலை தாண்டவராயருக்கு. அதுவும் அஞ்சுகத்துக்குக் கீழே.

அரசனுக்கு மட்டும் ஒரு குறை. "இதையெல்லாம் நேற்றே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"நேற்று நீங்கள் தீர்ப்பு மட்டும்தான் சொன்னீர்கள், அரசே. என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவில்லையே."