பூஜையில் வைத்த டிஸ்க்

டயாலிசிஸ் மருத்துவமனை ஒன்றின் கணினிகளைக் காத்துவந்த புகழேந்தியைப் பயம் பிடித்து ஒரு மாதமாகியிருந்தது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் யாரோ வெளியிலிருந்து புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன், வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலை இறுக்கினான். இறுக்க இறுக்கத் தூக்கம் குறைந்தது.

தொழில் சொல்லித்தந்த ஹமீதாவிடம் போனான்.

"இந்த ஃபயர்வாலைத் தாண்டி யார் மேடம் வர முடியும்?"

ஆயுத பூஜைக்குக் கூப்பிடுவாயா என்று மட்டும் அவர் கேட்டார்.

பூஜையன்று கணினிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். சரஸ்வதி படம் தெரிய வேண்டுமென்று எந்தத் திரையையும் பூட்டவில்லை. யாரோ கொடுத்த பென்டிரைவிலிருந்து பக்திப்பாட்டு ஓடியது. சர்வர் அறைக் கதவு சாத்திக்கொள்ளாதபடி அதை வாழைக்கன்றோடு கட்டியிருந்தார்கள். நோயாளிகளின் விவரங்களை நகலெடுத்து வேறு அறை அலமாரியில் பூட்டி வைத்திருந்த டிஸ்க்கை, அதுவும் ஆயுதம்தானே என்று புகழேந்தியே எடுத்துவந்து படத்தின் முன் வைத்தான். வந்தவர்களுக்கெல்லாம் பொரி, சுண்டல். பூஜைக்கு வந்தவரை யாரென்று கேட்பது மரியாதையா? யாரும் கேட்கவில்லை. ஹமீதாவின் பையைக் காவலாளியே ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எந்தத் திரையிலும் சரஸ்வதி இல்லை. ஒரு பூட்டின் படம் இருந்தது. உங்கள் கோப்புகள் எங்களிடம் என்று அதன் கீழே ஒரு வரி.

எட்டு மணிக்கு முதல் பதினொரு பேர் வருவார்கள். யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் அந்தப் பூட்டுக்குள். புகழேந்தி ஃபயர்வாலின் பதிவைப் பார்த்தான். வெளியிலிருந்து ஒருவரும் நுழையவில்லை. டிஸ்க்கைத் தேடினான். படத்தின் முன் பொரிதான் சிதறிக் கிடந்தது.

ஹமீதாவின் வீட்டுக்கு ஓடினான். அவன் வாய் திறக்கும் முன்பே அவர் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தார். குங்குமம் கூடக் கலையவில்லை.

அவன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். பாடம் புரிந்துவிட்டது, அடுத்த வருஷம் உங்களுக்குப் பொரி கிடையாது என்றான். சிரிக்கப் பார்த்தான்.

"பயமுறுத்தியது போதும் மேடம். பூட்டைத் திறந்துவிடுங்கள். எட்டு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்."

"எந்தப் பூட்டு?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"நான் எடுத்தது இதை மட்டும்தான், புகழ்."

பாட்டு ஓடிய பென்டிரைவ் யாருடையது என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

டிஸ்க்கை நோக்கி அவன் கை நீண்டது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். எந்த இணைப்பும் இல்லாத தன் பழைய மடிக்கணினியைத் திறந்தார். அவனிடம் ஒரு நோட்டையும் பேனாவையும் தள்ளினார்.

"பதினொரு பேருடையதையும் கையால் எழுதிக்கொண்டு போ. இது இங்கேயே இருக்கட்டும். பென்டிரைவில் வந்தவன் இன்னும் அங்கே உள்ளேதான் இருக்கிறான்."